எல்லாருக்கும் டெலிபோர்ட் கிடைத்த பிறகு சோர்சரஸ் எதற்கு? விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய வடிவமைப்பாளர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் இணைய விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கும், கொரியாவிலோ சீனாவிலோ உருவான விளையாட்டை எடுத்து இந்த வட்டாரத்தில் நடத்துகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கெப்போங் பக்கத்துத் தமிழ் விளையாட்டாளர்கள். கில்ட் என்ற ஆட்டக்காரர் குழுவை நடத்துகிறவர்கள், கோட்டைப் போருக்கு ஆள் சேர்க்கிறவர்கள், ஆயுதம், கவசம் போன்ற ஐட்டங்களின் விலையை நாள்தோறும் குறித்து வைக்கிறவர்கள் எங்களில் உண்டு.

சொல்ல வருவது ஒன்றுதான். புதிய ஐட்டம் ஒன்றை இறக்கும்போது அது எவ்வளவு பலம் கூட்டுகிறது என்று உங்கள் அட்டவணையே சொல்லிவிடும். யாருடைய வேலையை அது பறிக்கிறது என்பதை அட்டவணை சொல்லாது. பலம் கூடிப் போனால் அடுத்த பேட்ச்சில், அதாவது திருத்தப் பதிப்பில், எண்ணைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். வேலை பறிபோன கிளாஸை, அதாவது தனக்கென்று திறன்கள் கொண்ட பாத்திர வகையை, எழுப்பி நிறுத்துவது அவ்வளவு எளிதில்லை.

டயாப்லோ 2 என்ற விளையாட்டின் எனிக்மாவைப் பாருங்கள். 2003 அக்டோபரில் 1.10 பேட்ச்சோடு வந்த ரூன்வேர்டு அது, அதாவது ரூன் என்ற மந்திரக் கற்களைப் பதித்து உருவாக்கும் பொருள். மூன்று சாக்கெட் (பதிக்கும் துளை) உள்ள சாதாரண உடற்கவசத்தில் ஜா, இத், பெர் என்ற மூன்று ரூன்களை இதே வரிசையில் பதிக்க வேண்டும். நீல நிற மேஜிக் கவசத்தில் பதித்தால் உருவாகாது, மஞ்சள் நிற ரேர் கவசத்தில் பதித்தாலும் உருவாகாது. வரிசை தவறினாலும் போச்சு. உள்ளே போன ரூனைச் சேதமில்லாமல் வெளியே எடுக்க வழியில்லை. மொத்தமுள்ள 33 ரூன்களில் பெர் 30-ஆவது, ஜா 31-ஆவது. எவ்வளவு அரிதென்று அதிலேயே தெரியும். 65-ஆம் லெவலில் அணியலாம். அணிந்தால் எல்லாத் திறனிலும் கூடுதலாக 2, ஓட்ட வேகத்தில் 45 விழுக்காடு, லெவலுக்கு 0.75 என்ற கணக்கில் வலிமை. அவற்றோடு முதல் நிலை டெலிபோர்ட், நொடியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் திறன்.

டெலிபோர்ட் சோர்சரஸ் என்ற மந்திரக்காரி கிளாஸின் சொத்து. அவளுக்கே 18-ஆம் லெவலில்தான் திறக்கும். உயிர் குறைவு, உடம்பில் தாங்கும் சக்தி இல்லை, நாலு பேர் சூழ்ந்தால் முடிந்தது கதை. அதற்கு ஈடாக வடிவமைப்பாளர்கள் அவளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள்: சுவரைத் தாண்டவும், கூட்டத்துக்கு மேலே பறந்து போகவும், தப்பிக்கவும் அவளால்தான் முடியும். மற்ற எல்லாரும் நடந்துதான் வரவேண்டும். எனிக்மா வந்ததும் கேடயம் பிடித்த பாலடின் சுத்தியல்களைச் சுழற்றிக்கொண்டு எதிரிக் கூட்டத்தின் நடுவில் நேராகப் போய் இறங்கினான். நெக்ரோமான்சர் தாவினால் அவனுடைய எலும்புக்கூட்டுப் படை முழுவதும் கூடவே தாவி, பெரிய எதிரியான பாஸின் தலைமேல் குவிந்தது. அந்தக் கவசத்தில் தாக்குதல் பலம் என்று ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எண்களை மட்டும் அடுக்கிப் பார்க்கிறவருக்கு அது கொஞ்சம் நல்ல கவசம், அவ்வளவுதான்.

விளைவு, எல்லாரும் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு லேடர் போட்டிப் பருவமும் ஒரே மாதிரி தொடங்குகிறது. முதலில் சோர்சரஸை உருவாக்கு, வேகமாகச் சுற்றிப் பொருள் சேர், ரூன் கிடைத்ததும் எனிக்மா செய், பாலடினுக்கு மாறிவிடு. ஒரு முழுக் கிளாஸ் இன்னொரு கிளாஸுக்கு ஏறிப்போகும் ஏணிப்படியாகிவிட்டது. அவளை யாரும் பலவீனப்படுத்தவில்லை. அவளுடைய நெருப்பும் பனியும் முன்போலவே சுட்டன, உறைய வைத்தன. அவளை மட்டுமே தேடி வருவதற்கான காரணம்தான் போய்விட்டது. 2022 ஏப்ரலில் டயாப்லோ 2 ரிசரெக்டெட் பதிப்பின் 2.4 பேட்ச் பல கிளாஸ்களின் திறன்களைத் திருத்தி எழுதியது. எனிக்மா இன்றும் அப்படியே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கையில் பழகிய பொருளைப் பிடுங்க யாருக்கும் துணிவு வராது. அதனால்தான் வெளியிடும் முன்பே யோசிக்கச் சொல்கிறோம்.

"ஐட்டம் தரும் இரவல் திறன் கிளாஸின் மூலத் திறனைவிடப் பலவீனமாக இருந்தால் போதாதா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். போதாது. அதே விளையாட்டின் கால் டு ஆர்ம்ஸ் ஆயுதம் அதற்குச் சாட்சி. பார்பேரியன் என்ற போர்வீரன் கிளாஸின் முழக்கங்களில் பேட்டில் கமாண்டை 2 முதல் 6 நிலை வரையும், பேட்டில் ஆர்டர்ஸை 1 முதல் 6 நிலை வரையும் யாருக்கும் அது கொடுக்கும். பார்பேரியன் தானே முழங்கினால் பலன் பல மடங்கு. ஆனாலும் என்ன நடக்கிறது? டபிள்யூ விசையைத் தட்டி இரண்டாவது ஆயுதத்துக்கு மாறு, இரண்டு முழக்கம், மறுபடியும் டபிள்யூ. நான்கு வினாடி வேலை. உயிரும் மந்திர சக்தியான மானாவும் தேவையான அளவுக்கு ஏறிவிடுகின்றன. அதற்குமேல் பார்பேரியனைத் தேடி யார் அலைவார்கள்? இரவல் திறன் மூலத்துக்குச் சமமா என்று கேட்பது தவறான கேள்வி. அது தேவைக்குப் போதுமா என்றுதான் கேட்க வேண்டும். போதும் என்ற கோட்டைத் தொட்ட நிமிடமே மூலத் திறனுக்குச் சொந்தக்காரர் பார்ட்டிக்கு, அதாவது சேர்ந்து ஆடும் குழுவுக்கு, தேவையில்லாதவராகிறார்.

இதைச் சரியாகச் செய்த விளையாட்டும் உண்டு. நம் ஊர் சைபர் கஃபேக்களில் பலரும் இரவு பகலாக விளையாடிய ரக்னராக் ஆன்லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகளைக் கொன்றால் விழும் கார்டுகளில் ஒன்றான க்ரீமி கார்டை அணிகலனில் பதித்தால் யாருக்கும் முதல் நிலை டெலிபோர்ட் வரும். அது அகோலைட் என்ற குணப்படுத்தும் கிளாஸின் திறன். ஆனால் முதல் நிலை என்றால் அதே வரைபடத்தில் எங்கோ ஓரிடத்தில் தள்ளிவிடும், அவ்வளவுதான். சேமித்த ஊருக்குத் திரும்பும் இரண்டாம் நிலையும், பார்ட்டி முழுவதையும் அழைத்துப் போகும் வார்ப் போர்ட்டலும் அகோலைட்டிடமே இருக்கும். விட்டாட்டா கார்டு முதல் நிலை ஹீல், அதாவது உயிரை மீட்கும் திறன், தரும். பழைய ரக்னராக்கின் ஹீல் கணக்கு இது: லெவலையும் இன்ட் என்ற அறிவுப் புள்ளியையும் கூட்டி எட்டால் வகுத்து, வருவதை நான்கோடு திறன் நிலையின் எட்டு மடங்கைக் கூட்டிய தொகையால் பெருக்க வேண்டும். 80 லெவல், 80 இன்ட் உள்ளவருக்கு முதல் நிலை ஹீல் 240; பத்தாம் நிலை ஹீல் 1,680. ஏழு மடங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு, கார்டைப் போட்டவருக்கு எல்லாத் திறனுக்கும் செலவாகும் எஸ்பி என்ற சக்தி 25 விழுக்காடு ஏறும். தனியாகச் சுற்றும் ஆள் அடிபட்டு உட்காரும்போது அந்த 240 உதவும். அகோலைட்டின் அடுத்த கட்டமான ப்ரீஸ்ட்டை அது வேலையிலிருந்து தூக்காது. தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், கிணற்றை எழுதிக் கொடுக்கவில்லை.

அதே விளையாட்டில்தான் கோல்டன் தீஃப் பக் கார்டும் இருக்கிறது. கேடயத்தில் பதித்தால் மந்திரம் எதுவும் ஏறாது. குறைவாக ஏறும் என்பதுகூட இல்லை, ஏறவே ஏறாது. கோட்டைப் போரில் ஒரு நுழைவாயிலை விசார்டின் ஸ்டார்ம் கஸ்ட் என்ற பனிப்புயல் மந்திரத்தால் அடைப்பதுதான் தற்காப்பின் முதல் பாடம். அந்தக் கார்டு போட்ட ஒருவர் பனிப்புயலுக்குள் சும்மா நடந்து வந்துவிடுவார். விலை இல்லாமலில்லை: எஸ்பி செலவு இரட்டிப்பாகும், தன் பக்க ப்ரீஸ்ட்டின் ஹீலும் மேலே ஏறாது. ஆனால் கோட்டையின் மையக் கல்லான எம்பீரியத்தை நோக்கி ஓடி அதை உடைப்பது மட்டுமே வேலையாக உள்ளவருக்கு இரண்டும் பெரிய இழப்பில்லை. யாருக்கு வலிக்காதோ அவரிடம் கேட்கும் விலை விலையே இல்லை. இதை எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு வாதம் எழும்: "அது அவ்வளவு அரிது, யாருக்குக் கிடைக்கப் போகிறது?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோல்டன் தீஃப் பக் போன்ற எம்விபி பாஸின் கார்டு விழும் வாய்ப்பு 0.01 விழுக்காடு, அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. கோல்டன் தீஃப் பக் செத்தால் மறுபடி பிறக்க 60 முதல் 70 நிமிடம் ஆகும். நாளுக்கு 22 முறை, ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 முறை. ஒரு சர்வருக்கு ஆண்டுக்கு ஒரு கார்டுகூடச் சரியாக வராது. ஐந்து ஆண்டில் நான்கு வரலாம். இந்த நான்கும் யார் கையில் போய்ச் சேரும்? ஒவ்வொரு மணி நேரமும் ஆள் மாற்றி ஆள் காவல் வைக்கக்கூடிய பெரிய கில்ட்டின் கையில். அது ஏற்கெனவே கோட்டை வைத்திருக்கும் கில்ட். கார்டு தேயாது, உடையாது, காலாவதி ஆகாது. ஆக, அரிதாக்கினால் சமநிலை வரும் என்று நினைத்துச் செய்தது, வலுத்தவனுக்கே மேலும் வலுக் கொடுத்து, அதை என்றைக்கும் நிலைக்கவும் வைத்தது.

சாதாரண ஆளுக்கு இந்த எண் என்ன செய்கிறது என்பதும் முக்கியம். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் பத்தாயிரம் கொன்றால் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பத்தாயிரம் கொன்ற பிறகும் 37 விழுக்காட்டினருக்குக் கிடைத்திருக்காது. 23,000 கொன்ற பிறகும் பத்தில் ஒருவர் வெறுங்கையோடு நிற்பார். ஒரு கிளாஸின் ஆட்டமுறையே அந்த ஐட்டத்தில்தான் தொடங்குகிறது என்றால், அந்தப் பத்தில் ஒருவர் தன் கிளாஸை ஒருநாளும் விளையாடாமலே போகிறார்.

இந்த ஊருக்கு நெருக்கமான உதாரணத்துக்கு வருவோம். 2018 நவம்பரில் டோட்டா 2-இன் கோலாலம்பூர் மேஜர் போட்டி, 2024 டிசம்பரில் மொபைல் லெஜண்ட்ஸ் எம்6 உலகப் போட்டியின் இறுதியாட்டம், இரண்டும் புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரேனாவில் நடந்தன. இவ்வகை விளையாட்டுகளில் ஐட்டங்கள் படுபயங்கர பலம் கொண்டவை. ஆனாலும் ஹீரோக்களின் முகம் அழிவதில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவது ஒரு காரணம். அது மட்டும் இல்லை.

டோட்டாவின் பிளிங்க் டேகர் 2,250 தங்கம். யார் வேண்டுமானாலும் வாங்கி 1,200 தூரம் தாவலாம். இதுவும் எல்லாருக்கும் டெலிபோர்ட் கொடுக்கும் பொருள்தானே, தாவுவதையே அடையாளமாகக் கொண்ட ஆன்ட்டி மேஜ் ஹீரோ ஏன் சாகவில்லை? எதிரி ஹீரோவின் அடி பட்டால் டேகர் மூன்று வினாடி வேலை செய்யாது, ஒருமுறை தாவினால் 15 வினாடி காத்திருக்க வேண்டும். ஆக, டேகரை வைத்துச் சண்டையைத் தொடங்கலாம். அடி விழத் தொடங்கிய பிறகு தப்பிக்க முடியாது. ஆன்ட்டி மேஜின் சொந்த பிளிங்க்குக்கு அந்தத் தடை இல்லை, காத்திருக்கும் நேரமும் குறைவு. அடிபட்டுக்கொண்டே தாவித் தப்பிக்கிறவன் என்ற அவனுடைய அடையாளம் அப்படியே இருக்கிறது. எனிக்மா செய்ததற்கும் டேகர் செய்ததற்கும் நடுவில் இருப்பது அந்த மூன்று வினாடித் தடையும் 15 வினாடிக் காத்திருப்பும்தான். டயாப்லோ 2-இல் டெலிபோர்ட்டுக்குக் காத்திருப்பே இல்லை, அடிபட்டாலும் தடை இல்லை.

அகானிம்ஸ் செப்டர் இன்னொரு வழி. 4,200 தங்கத்துக்கு அது அந்தந்த ஹீரோவின் சொந்தத் திறனையே வேறொரு தளத்துக்குக் கொண்டுபோகும். ஒரே ஐட்டம், வாங்குகிறவரைப் பொறுத்துப் பலன் மாறும். அதை வாங்கினால் உன்னைவிட நீயாக ஆகிறாய். எங்களுக்குப் பிடித்த ஐட்டம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வோம். டிவைன் ரேப்பியரும் நல்ல பாடம்: கடையில் அதைப்போல் அடிக்கும் ஆயுதம் இல்லை, செத்தால் கையிலிருந்து கீழே விழும், எதிரி எடுத்துக்கொள்ளலாம். இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதத்தின் வடிவமைப்பும் இதேதான். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்து வாங்கியது, ஒரே ஒரு முறைதான் எய்யலாம். கடோற்கசன்மேல் விட்டபிறகு அர்ச்சுனனுக்கு அது மிஞ்சவில்லை. தடுக்க முடியாத ஆயுதம் இருந்தும் அந்தக் கதையில் ஒவ்வொரு வீரனும் அவனவனாகவே நின்றதற்கு இந்த இரண்டு விதிகளும் போதுமானவையாக இருந்தன.

கிளாஸின் அடையாளத்தை ஐட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவது இன்னொரு தவறு. முன்னதைவிட இது மெதுவாகக் கொல்லும். 2016 ஆகஸ்ட்டில் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் லீஜியன் விரிவாக்கம், கிளாஸ்களின் உட்பிரிவுகளான 36 ஸ்பெக்குகளுக்கும் ஆளுக்கொரு ஆர்ட்டிஃபாக்ட் ஆயுதம் கொடுத்தது. என்ஹான்ஸ்மென்ட் ஷாமனுக்கு டூம்ஹேமர். அதனோடு டூம் விண்ட்ஸ் என்ற திறன். அடியைத் தேக்கி வைத்து அந்தச் சில வினாடிகளில் கொட்டித் தீர்ப்பதே அந்த ஸ்பெக்கின் ருசியாகிவிட்டது. 2018 ஆகஸ்ட்டில் அடுத்த விரிவாக்கம் வந்தது, ஆயுதங்கள் ஒதுக்கப்பட்டன, டூம் விண்ட்ஸும் போனது. ஷாமன் இருந்தான், அவனுடைய கை போய்விட்டது. 2020-இல் ஷேடோலேண்ட்ஸில் அதே திறன் ஒரு லெஜண்டரி ஐட்டத்தின் பலனாகத் திரும்பியது. 2022-இல் டிராகன்ஃப்ளைட் வந்தபோதுதான் அது திறன்களைத் தேர்ந்தெடுக்கும் டேலண்ட் மரத்தில், கிளாஸுக்கே சொந்தமாக உட்கார்ந்தது. ஆறு ஆண்டு சுற்றி வந்து, முதல் நாளே இருந்திருக்க வேண்டிய இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. ஐட்டம் என்பது கழற்றக்கூடியது. கழற்றினால் ஆள் காணாமல் போகக்கூடாது.

லீஜியனின் லெஜண்டரி ஐட்டங்களைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. எது விழும் என்பது குருட்டு அதிர்ஷ்டம் என்றிருந்தது. தவறான ஐட்டம் விழுந்ததற்காக, வளர்த்த பாத்திரத்தையே ஓரம் வைத்துவிட்டு அதே கிளாஸில் புதிதாக ஒன்று தொடங்கியவர்கள் இருந்தார்கள் என்பதே போதும்.

எண்களில் நடக்கும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் சிறிய ஸ்டூடியோக்களில் இது அடிக்கடி நடக்கிறது. தலா 20 விழுக்காடு அடி கூட்டும் ஐந்து ஐட்டங்களைக் கூட்டினால் அடி 2 மடங்கு. ஒன்றன்மேல் ஒன்று பெருக்கினால் 2.49 மடங்கு. அடி குறைப்பில் இது இன்னும் மோசம். குறைப்பு 75-இலிருந்து 80 விழுக்காடானால் விழும் அடி 25 என்பது 20 ஆகும், ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 90-இலிருந்து 95 ஆனால் 10 என்பது 5 ஆகும், பாதி குறைவு. ஐட்டத்தின்மேல் இரண்டுக்கும் "கூடுதல் 5" என்றுதான் எழுதியிருக்கும். அடியைத் தாங்கி நிற்கும் டேங்க் ஒருவர் இருக்கும் இடத்தில் எல்லாரும் டேங்க் ஆவது இப்படித்தான். குறைப்புகளைத் தனித்தனி வகையாகப் பிரித்துப் பெருக்குவது பாதுகாப்பான முறை: ரக்னராக்கில் மனித இனத்துக்கு எதிரான தாரா ஃப்ராக் கார்டு 30 விழுக்காடு, நியூட்ரல் தன்மைத் தாக்குதலுக்கு எதிரான ரேட்ரிக் கார்டு 20 விழுக்காடு. சேர்த்தால் 50 வராது, 0.7-ஐ 0.8-ஆல் பெருக்கி 0.56, அதாவது 44 விழுக்காடு. மேலே ஓர் உச்சவரம்பும் போட்டுவிடுங்கள்.

சோதனை முறைக்கு வருகிறோம். இதற்காகத்தான் முக்கியமாக எழுதத் தொடங்கினோம்.

பெரும்பாலான இடங்களில் புதிய ஐட்டத்தை அசையாத பொம்மைமேல் அடித்து, வினாடிக்கு எவ்வளவு அடி என்று பார்க்கிறார்கள். பொம்மைமுன் டெலிபோர்ட்டுக்கு மதிப்பு பூஜ்யம். ஹீலுக்கும் பூஜ்யம், எதிரியைச் செயலிழக்க வைக்கும் ஸ்டன்னுக்கும் பூஜ்யம். கிளாஸைக் கொல்லக்கூடிய எதுவும் அந்தச் சோதனையில் தெரியாது.

அதற்குப் பதிலாக, ஐந்து பேர் கொண்ட பார்ட்டியை ஒரே டஞ்சனுக்கு (எதிரிகள் நிறைந்த நிலவறை) நாற்பது முறை அனுப்புங்கள். இருபது முறை ஐட்டத்தோடு, இருபது முறை இல்லாமல். முதலில் இருபது, பிறகு இருபது என்று செய்யாதீர்கள். போகப்போக ஆட்கள் வழி பழகி வேகமாகிவிடுவார்கள், அந்த வேகத்தை ஐட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். மாற்றி மாற்றி அனுப்புங்கள். முடித்த நேரம், செத்த எண்ணிக்கை, எந்தத் திறனை எத்தனை முறை அழுத்தினார்கள் என்ற மூன்றையும் பதிவு செய்யுங்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஐட்டம் போட்ட பிறகு ஒருவர் தன் கிளாஸின் சொந்தத் திறன்களை அழுத்துவது பாதியாகக் குறைந்தால், அவர் விளையாடுவது ஐட்டத்தை, கிளாஸை அல்ல.

அடுத்தது எங்கள் பார்வையில் மிக முக்கியமானது: ஆளைக் குறைத்துப் பாருங்கள். ஐட்டம் அணிந்த பார்ட்டியிலிருந்து ஹீலரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடிக்கிற ஆள் ஒருவரைப் போட்டு அனுப்புங்கள். பிறகு ஹீலரைத் திரும்ப வைத்து டேங்க்கை எடுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இப்படி. ஒரு பொறுப்பு இல்லாமலே முன்பைவிட வேகமாக முடிகிறது என்றால் ஐட்டம் எந்தக் கிளாஸைத் தின்றது என்று உங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கள் அளவுகோல்: வித்தியாசம் 10 விழுக்காட்டுக்குள் வந்தாலே வெளியீட்டை நிறுத்துங்கள். ஏனென்றால், சோதிப்பவர்களைவிட நிஜ ஆட்டக்காரர்கள் நன்றாக விளையாடுவார்கள். இடைவெளி வெளியே போனதும் மூடிக்கொள்ளும்.

இன்னொன்றும் செலவில்லாமல் செய்யலாம். அரை நிமிடச் சண்டைக் காட்சியைப் பதிவு செய்து, பெயரையும் உடையின் நிறத்தையும் மறைத்துவிட்டு, உங்கள் விளையாட்டை நன்றாக அறிந்த பத்துப் பேரிடம் இது எந்தக் கிளாஸ் என்று கேளுங்கள். அசைவை வைத்தே சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது ஒரே கிளாஸ், ஆறு உடைகளில்.

வெளியிட்ட பிறகு சராசரியை நம்பாதீர்கள். ஐட்டம் இருப்பது ஐந்து விழுக்காட்டினரிடம் என்றால் மொத்தச் சராசரி அசையவே அசையாது. உச்சியிலுள்ள நூறு பேரையும் நடுவிலுள்ள கூட்டத்தையும் பிரித்துப் பாருங்கள், 14-ஆம் நாளும் 60-ஆம் நாளும். பார்ட்டிக்கு ஆள் தேடும் அறிவிப்புகளைப் படியுங்கள். "இந்த ஐட்டம் இருந்தால் மட்டும் வாருங்கள்" என்று கிளாஸ் பெயருக்குப் பதிலாக ஐட்டம் பெயர் வரத் தொடங்கிய நாள்தான் அபாய மணி. உங்கள் வரைபடத்தைவிட அது ஒரு மாதம் முந்திச் சொல்லும்.

காசு கலக்கும்போது இவை எல்லாம் இருமடங்கு கூர்மையாகும். காசு கட்டி ஆடும் குலுக்கலில் ஒரு சுழற்சிக்கு 10 வெள்ளி, வாய்ப்பு 1 விழுக்காடு என்று வையுங்கள். 1,000 வெள்ளி செலவழித்த பிறகும் நூற்றுக்கு 37 பேரிடம் அந்த ஐட்டம் இருக்காது. இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த ஐட்டம் வெறும் அலங்காரம் என்றால் விருப்பம் என்று விட்டுவிடலாம். கிளாஸ் வேலை செய்யவே அது வேண்டும் என்றால், இலவசம் என்று சொல்லி அரைப் பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு மீதிப் பாதியைச் சீட்டுக் குலுக்கலில் வைத்திருக்கிறீர்கள். மேப்பிள் ஸ்டோரி விளையாட்டில் ஐட்டத்தின் பலனைக் குலுக்கி மாற்றும் கியூப் என்ற பொருளின் வாய்ப்புகளை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமல் மாற்றியதற்காக, 2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் அதை நடத்தும் நெக்ஸன் நிறுவனத்துக்கு 1,160 கோடி வோனுக்கு மேல் அபராதம் விதித்தது. மக்கள் அதிகம் விரும்பிய பலன்கள் விழும் வாய்ப்பைக் குறைத்ததும், சில சேர்க்கைகள் வரவே வராதபடி செய்ததும் அந்த முடிவில் உண்டு. அதே ஆண்டு மார்ச் 22 முதல் வாய்ப்பு விழுக்காட்டை வெளியிடுவது அங்கே சட்டக் கட்டாயம். அங்கே எழுதிக் காட்டும் விழுக்காட்டை இங்கே நடத்தும் பதிப்பிலும் எழுதிக் காட்டுங்கள், மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும்.

இறக்கிவிட்ட ஐட்டத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் அதற்கும் ஒழுங்கு உண்டு. அறிவிப்பும் விற்பனை முடக்கமும் ஒரே நிமிடத்தில் நடக்க வேண்டும். அறிவித்துவிட்டு இரண்டு நாள் கழித்துச் சந்தையைப் பூட்டினால், செய்தியை முதலில் படித்தவர் படிக்காதவரிடம் தள்ளிவிடுவார். நட்டம் எப்போதும் வேலைக்குப் போய்விட்டு இரவில் வருகிறவருக்குத்தான். காசு கொடுத்து வாங்கியவருக்குக் காசாகவே திரும்பக் கொடுங்கள், பொருள் சேர்த்துச் செய்தவருக்கு அந்தப் பொருள்களைத் திரும்பக் கொடுங்கள். எண்ணைக் குறைப்பதற்கு முன் நிபந்தனை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்: அடிபட்டால் மூன்று வினாடித் தடை, ஒரு சண்டைக்கு ஒருமுறை மட்டும், மூலக் கிளாஸ் பார்ட்டியில் இருந்தால் இரவல் திறன் வேலை செய்யாது. கடைசியாகச் சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்த விதி. தனியாக விளையாடுகிறவருக்கு ஐட்டம் துணையாக இருக்கும். உண்மையான ஹீலர் வந்ததும் அது ஒதுங்கி வழிவிடும்.

பேட்ச் குறிப்பில் ஒவ்வொரு பெரிய ஐட்டத்துக்கும் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்: "இந்த ஐட்டம் இன்ன கிளாஸின் இன்ன திறனுக்கு அருகில் வருகிறது, அந்தக் கிளாஸிடம் மட்டும் இன்னும் இருப்பது இது." இரண்டாம் பாதியை எழுத முடியாமல் பேனா நின்றால் ஐட்டம் இன்னும் தயாராகவில்லை.

சோதனை சர்வர் திறக்கும்போது சொல்லியனுப்புங்கள். வார நாள்களில் இரவு ஒன்பது மணிக்குமேல் எங்களால் இருபது பேரைத் திரட்ட முடியும்: நாலு டேங்க், நாலு ஹீலர், மீதி அடிக்கிறவர்கள். நாற்பது சுற்று ஓட மூன்று இரவு போதும். சம்பளம் வேண்டாம். திறன் அழுத்திய பதிவுகளை எங்களுக்கும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கோலாலம்பூர்த் தமிழ் விளையாட்டாளர்கள் சிலர்